ஒரே கோப்பு, பல புத்தகங்கள்

அமெரிக்காவில் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல் கிடைப்பது நீண்ட காலம் பெரும்பாடாகவே இருந்தது. பதிப்பகத்தின் கணினியில் நூல் முழுவதும் இருக்கும். பள்ளியிலோ அச்சிட்ட நூலின் முதுகை வெட்டி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பிழை திருத்துவார்கள். வேடிக்கைதான்! பிரெயில் நூல் வருவதற்குள் வகுப்பு பல பாடங்களைத் தாண்டிவிடும்.

2004-இல் திருத்தப்பட்ட மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம் இதற்கு ஒரு வழி செய்தது. பள்ளிகள் கேட்டுக்கொண்டால், பதிப்பகங்கள் நூலின் எக்ஸ்எம்எல் கோப்பை லூயிவில் நகரிலுள்ள தேசிய மையத்துக்கு அனுப்ப வேண்டும். தலைப்பு எது, பத்தி எது, பக்க எண் எது என்று குறியிடப்பட்ட அந்த ஒரே கோப்பிலிருந்து பிரெயில், பெரிய எழுத்து, ஒலிநூல் எல்லாம் தயாரிக்கலாம்.

கணக்குதான் தகராறு. சமன்பாடுகள் பெரும்பாலும் வெறும் படங்களாக வந்ததால், அவற்றை யாராவது மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.