சிஹிரோ இவசாகி

சிஹிரோ இவசாகி (15 டிசம்பர் 1918 – 8 ஆகஸ்ட் 1974) ஜப்பானிய ஓவியர். சிறுவர் படநூல்கள், பத்திரிகை அட்டைகள், பாடநூல்கள், விளம்பரங்கள் என்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் வரைந்தவர். அவர் பெயரைக் கேட்டிராத தமிழ் வாசகரும் அவர் படத்தைப் பார்த்திருக்க வாய்ப்புண்டு. 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' என்று நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் கொண்டுவந்த நூலின் ஜப்பானிய மூலத்துக்கு அட்டையும் உட்படங்களும் அவருடையவைதாம். அந்த மூலநூல் வெளிவந்தபோது அவர் இறந்து ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

மலாக்காத் தமிழர் வீடுகளில் ஜப்பான் என்ற சொல் முதலில் நினைவூட்டுவது ஓவியத்தை அல்ல. 1942 ஜனவரியில் மலாக்கா வீழ்ந்தது. அதற்குப் பின் வந்த மூன்றரை ஆண்டுகளை, ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த முதியவர்கள் 'சப்பான்காரன் காலம்' என்பார்கள். அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம் அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிச் சென்ற காலமும் அதுதான். அதே ஆண்டுகளை இவசாகி எங்கே கழித்தார் என்பதைத் தெரிந்துகொண்டால்தான், பின்னாளில் அவர் வரைந்த குழந்தைகளின் கண்கள் ஏன் அப்படிப் பார்க்கின்றன என்பது பிடிபடும்.

இளமையும் போரும்

ஃபுக்குய் மாநிலத்தின் தாகெஃபு ஊரில் பிறந்தார். தாய் ஃபுமியே ஆசிரியை. தந்தை மசாகட்சு ராணுவக் கட்டடத் துறையில் பொறியாளர். மூன்று பெண்களில் மூத்தவரான சிஹிரோ தோக்கியோவில் வசதியாக வளர்ந்தார். 14 வயதில் புகழ்பெற்ற ஓவியர் ஒகாடா சபுரோசுகேயிடம் கோட்டோவியமும் எண்ணெய் வண்ணமும் கற்றார். கலைக்கல்லூரிக்குப் போகும் ஆசையைப் பெற்றோர் ஏற்கவில்லை. அந்த ஏமாற்றத்துக்கு இடையே ஜப்பானிய எழுத்தோவியம் பயின்றது வீண்போகவில்லை. தூரிகையை ஒரே இழுப்பில் விடும் துணிவு அவருக்கு அங்கிருந்துதான் வந்தது. பிற்காலப் படங்களில் அது நன்றாகத் தெரியும். அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர்.

1939இல் வீட்டார் விருப்பப்படி மணம் முடித்து, ஜப்பானின் பிடியில் இருந்த சீனத் துறைமுகமான தாலியனுக்குப் போனார். மனம் ஒட்டாத அந்த மணவாழ்வு கணவரின் தற்கொலையில் முடிந்தது. 1941இல் தோக்கியோ திரும்பினார். 1944இல் மீண்டும் மஞ்சூரியாவுக்கு, இம்முறை பெண்கள் தொண்டர் குழு ஒன்றுடன் பயணம். போர் நிலைமை மோசமாகவே அதே ஆண்டில் ஊர் திரும்பினார். தாய் ஃபுமியே, மஞ்சூரியாவில் குடியேறிய ஜப்பானிய ஆண்களுக்கு மணப்பெண்களை அனுப்பும் அரசுத் திட்டத்தில் பங்காற்றியவர். ஆக, ஆக்கிரமித்த நாட்டின் வசதியான பக்கத்தில் நின்ற குடும்பம்தான் அது. 1945 மே 25 குண்டுவீச்சில் தோக்கியோ வீடு எரிந்தது. தாயின் சொந்த ஊர்ப் பக்கமான நாகானோ மாநிலத்து மட்சுமோட்டோவில் அடைக்கலம் புகுந்த இடத்தில், போர் முடிந்த செய்தி வந்தது.

இந்தப் போர் எதற்காக, யாருக்காக என்ற கேள்வி அவரை அதன்பின் விடவில்லை. 1946இல் ஜப்பான் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து தனியாகத் தோக்கியோ வந்தார். வயது 27. 'ஜின்மின் ஷிம்புன்' என்ற செய்தித்தாளில் செய்தியும் எழுதி, படமும் வரைந்து பிழைத்தார். ஹிரோஷிமா ஓவியத் தொடரால் பின்னர் உலகப் புகழ் பெற்ற மாருகி இணையரில் ஒருவரான தோஷிகோவிடம் அப்போது ஓவியம் கற்றார்.

தொழில்

முதல் பெரிய வாய்ப்பு காமிஷிபாயில் கிடைத்தது. தெருமுனையில் மரப்பெட்டிக்குள் பட அட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டிக் கதை சொல்லும் ஜப்பானியக் கலை அது. ஆண்டர்சனின் கதையொன்றைத் தழுவி 1949இல் அவர் வரைந்த 'ஒரு தாயின் கதை'க்குக் கல்வி அமைச்சர் விருது கிடைத்தது. படம் வரைந்தே வாழ முடியும் என்ற நம்பிக்கை அப்போதுதான் பிறந்தது.

1950இல் கட்சித் தோழர் மட்சுமோட்டோ சென்மேயை மணந்தார். கையிலிருந்த ஆயிரம் யென்னுக்குப் பூ வாங்கி, குடியிருந்த மாடியறையை நிறைத்து இருவர் மட்டும் நடத்திக்கொண்ட திருமணம். அடுத்த ஆண்டு மகன் தாகேஷி பிறந்தான். ஒண்டுக்குடித்தன அறையில் வைத்துக்கொள்ள வழியில்லாமல், கைக்குழந்தையை நாகானோவில் விவசாயம் பார்த்துவந்த பெற்றோரிடம் விட்டார். பணம் சேர்ந்தபோதெல்லாம் ரயிலேறிப் போய்ப் பார்த்தார். போகும்போதெல்லாம் தூங்கும் மகனை, தவழும் மகனை வரைந்து தள்ளினார். 1952இல் தோக்கியோவின் நெரிமா பகுதியில் சிறு வீடு கட்டியபின்தான் பிள்ளை கைக்கு வந்தான். பத்து மாதக் குழந்தையையும் ஒரு வயதுக் குழந்தையையும், எதிரே குழந்தை இல்லாமலே வேறுபாடு தெரிய வரைந்துவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. அது கலைக்கூடத்தில் கற்ற பாடமாக இருக்க முடியாது.

கணவர் சட்டம் படித்து வழக்கறிஞராகும்வரை வீட்டைத் தாங்கியது அவர் தூரிகை. பாடநூல், சிறுவர் மாத இதழ், ஹிகேதா சோயா சாறு விளம்பரம் என்று எது வந்தாலும் வரைந்தார். 1956இல் ஷோகாகுகான் சிறுவர் பண்பாட்டு விருது வந்தது. 'தனியாகச் செய்வேன்' என்று பொருள்படும் தலைப்பில் முதல் படநூலை அமைத்ததும் அந்த ஆண்டில்தான். 'குழந்தைகளின் மகிழ்ச்சி' என்னும் மாத இதழ் 1963 முதல் அட்டையை அவரிடம் ஒப்படைத்தது. குழந்தைகளைப் பற்றி இருக்க வேண்டும், மற்றபடி விருப்பம்போல் வரையலாம் என்பதே நிபந்தனை. ஆசிரியர் சொன்ன கதைக்குப் படம் போடுவதே வழக்கமாயிருந்த தொழிலில் அது பெரிய சுதந்திரம். இறக்கும்வரை அந்த அட்டைகளில் புதுப்புது முறைகளைச் சோதித்துப் பார்த்தார்.

பதிப்பகங்கள் ஒருமுறை கூலி கொடுத்துவிட்டு மூலப்படத்தைத் தம்முடையதாகவே வைத்துக்கொள்வது அக்காலத்து நடப்பு. அச்சானபின் படம் தொலைந்தாலும் கேட்பாரில்லை. இவசாகி மூலப்படங்களைத் திருப்பிக் கேட்டார், ஓவியரின் பதிப்புரிமைக்காகச் சக ஓவியர்களுடன் சேர்ந்து நின்றார். அவர் படங்களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை இன்று ஒரே இடத்தில் இருப்பதற்கு அந்தப் பிடிவாதமே காரணம். தமிழ் வார இதழ்களுக்குப் படம் போட்டவர்களின் மூலங்கள் எத்தனை மிஞ்சின என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இதழோவியர்கள் கோபுலு, மணியம் படங்களில் பழகிய தமிழ்க் கண்ணுக்கு இவசாகி முதலில் விநோதமாகப் படலாம். அங்கே கோடுதான் அரசன். இங்கே ஈரத்தாளில் வண்ணம் தானாகப் பரவி, கன்னம் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கரைகிறது. கண்கள் மட்டும் இரண்டு கரும்புள்ளிகளாக நிற்கும். தாளில் பாதியை வெறுமையாகவே விட்டுவிடுவார்.

இந்த முறை முழுமை பெற்ற நூல் 1968இல் ஷிகோஷா வெளியிட்ட 'மழைநாளில் வீட்டில் தனியாக'. பதிப்பாசிரியர் தாகேயிச்சி யாசோவுடன் சேர்ந்து உருவாக்கியது. வெளியே மழை, அம்மா வெளியில் போயிருக்கிறாள், சிறுமி தனியே காத்திருக்கிறாள். கதை அவ்வளவுதான், சொற்களும் சொற்பம். பயமும் ஏக்கமும் நீர்வண்ணத்தின் கசிவிலேயே சொல்லப்படுகின்றன. (நம் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கதை தலைகீழ். விடியுமுன் அம்மா பால்வெட்டப் போய்விட, ஆயாக் கொட்டகையில் கிடக்கும் பிள்ளைக்கு மழைநாள்தான் திருநாள். மழையில் பால்வெட்டு இல்லை, அம்மா லயத்திலேயே இருப்பாள். அன்றைய கூலி போன கவலை பெரியவர்களுடையது.) இதே வரிசையில் வந்த 'சிட்டு வந்த நாள்' இத்தாலியின் போலோன்யா சிறுவர் புத்தகக் கண்காட்சியில் வடிவமைப்புப் பரிசு பெற்றது.

போர்க்குழந்தைகள்

போரைப் பற்றி அவர் வரைந்தவை மூன்றே நூல்கள். 1967இல், அணுகுண்டுக்குத் தப்பிய ஹிரோஷிமாக் குழந்தைகளின் எழுத்துகளைத் தொகுத்த 'நான் சிறுவனாயிருந்தபோது'. 1972இல், வியட்நாமியக் கதையான 'அம்மா வீட்டில் இல்லை'. 1973இல் 'போர்த்தீயில் குழந்தைகள்'. எதிலும் பிணம் இல்லை, ரத்தம் இல்லை. கொடுமையை வரையப் பிறர் இருக்கிறார்கள், அதில் சிக்கிய பிள்ளை எத்தனை அழகாயிருந்தது என்பதையே தன்னால் காட்ட முடியும் என்பது அவர் நிலை.

மூன்றில் கடைசி நூலே வலிமையானது. வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாள்களில், உடல்நலம் கெட்டு மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்தபடி வரைந்தது. சிவப்பு சைக்ளமன் பூவின் இதழ்களுக்குள் இறந்த குழந்தைகளின் முகங்கள் தெரியும் பக்கமும், நெருப்பின் நடுவே குழந்தையை இறுக்கிக்கொண்டு முறைத்து நிற்கும் தாயின் பக்கமும் பார்த்தவர் மறப்பது கடினம். அவருடைய வழக்கமான வண்ணங்கள் இதில் வற்றிப்போய், பெரும்பாலும் பென்சிலும் கறுப்பு மையுமே மிஞ்சுகின்றன. படம் வியட்நாமைப் பற்றியது. அதில் அவருடைய 1945உம் இருக்கிறது. 1942க்குப் பின் மலாயாவில் நடந்ததை அவர் வரைந்ததில்லை. இருந்தும் சயாமுக்குப் போன தாத்தாவின் கதையைக் கேட்டு வளர்ந்த வாசகர் அந்தத் தாயின் பார்வைக்கு முன் அந்நியராக நிற்க மாட்டார் என்றே சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு லைப்சிக் சர்வதேச நூல் கண்காட்சியில் இந்நூலுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அதே 1974 ஆகஸ்டில் கல்லீரல் புற்றுநோயால் 55 வயதில் இறந்தார். ஒகாவா மிமேயின் கடற்கன்னிக் கதைக்கு வரையத் தொடங்கிய படங்கள் முற்றுப்பெறாமலே 1975இல் நூலாயின.

டோட்டோ-சானும் அருங்காட்சியகமும்

நடிகை தெத்சுகோ குரோயானாகி தம் பள்ளி நினைவுகளைப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியது 1979இல். இவசாகியை அவர் நேரில் சந்தித்ததே இல்லை. ஆனால் படங்கள் மீது தீராத பற்று. இவசாகியின் மகன் தாகேஷியின் துணையோடு, இவசாகி விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து கதைக்குப் பொருந்துபவற்றைத் தேடி எடுத்தார். கதைக்காகப் படம் என்பது இங்கே மாறி, என்றோ வரைந்துவைத்த படம் கதைக்காகக் காத்திருந்தது போலாயிற்று. 1981இல் கோதன்ஷா நூலாக வெளியிட்டபோது, பழுப்புத் தொப்பி அணிந்த சிறுமி அட்டையில் ஏறினாள். ஜப்பானில் மட்டும் 80 லட்சம் பிரதிகளைத் தாண்டிய நூல் அது. அட்டையில் இருப்பது டோட்டோ-சானே என்று வாசகர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தப் படம் வரையப்பட்டபோது டோட்டோ-சான் கதை எழுதப்படவே இல்லை.

நெரிமாவில் அவர் வாழ்ந்த வீட்டிருந்த இடத்தில் 1977இல் சிஹிரோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. படநூல் ஓவியத்துக்கென்றே அமைந்த உலகின் முதல் அருங்காட்சியகம் இது. பெற்றோர் நிலம் திருத்திய நாகானோவின் மட்சுகாவா கிராமத்தில் 1997இல் இரண்டாவது எழுந்தது. குரோயானாகி இவற்றின் இயக்குநர். படங்கள் வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்வாக மாட்டப்பட்டுள்ளன. பிள்ளைகள் நேராக நின்று பார்க்கலாம். பெரியவர்கள்தான் கொஞ்சம் குனிய வேண்டும்.