ஆயர் விலக்கிய புனிதை

1871 செப்டம்பர் 22. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலுள்ள கன்னியர் மடத்தில் முழந்தாளிட்டிருந்தார் மேரி மக்கிலாப். வயது 29. ஆயர் லாரன்ஸ் ஷீல் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைப்பதாக அறிவித்தார். காட்டிய காரணம், கீழ்ப்படியாமை.

மேரி எதற்குக் கீழ்ப்படியவில்லை? 1866-இல் பெனோலா என்ற சிற்றூரில், ஒரு குதிரை லாயத்தைச் செப்பனிட்டுப் பள்ளி நடத்தியவர் அவர். அருள்தந்தை ஜூலியன் டெனிசன் உட்ஸுடன் சேர்ந்து அவர் நிறுவிய புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள், கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்கும் கற்பித்தார்கள். இருவர் மூவராகப் பிரிந்து, ஏழைகள் இருக்கும் இடம் தேடிப் போய்த் தங்கினார்கள். எங்கே இருந்தாலும் அவர்கள் ஒரே தலைவியின்கீழ் இயங்க வேண்டும் என்பது சபையின் ஏற்பாடு. ஆயரோ ஒவ்வொரு மடத்தையும் அந்தந்தப் பங்குக் குருவின் பொறுப்பில் விட நினைத்தார். மாற்றிய விதியை ஏற்கத் தம் மனச்சான்று இடம் தரவில்லை என்று மேரி பணிவாகக் கடிதம் எழுதினார். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

மடங்களிலிருந்து பல சகோதரிகள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு வாடகை வாங்காமல் வீடு கொடுத்தவர் இம்மானுவேல் சாலமன் என்ற யூத வணிகர். பிற மதத்தாரைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் இந்தப் பெயர் நினைவுக்கு வர வேண்டும்.

பங்குக் குருவோடு மனத்தாங்கல் என்றால் இன்று நாம் பூசைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறோம். இல்லையென்றால் வாட்ஸ்அப் குழுவில் வசைபாடுகிறோம். அதுவும் இல்லையென்றால், சாமியார் சொல்லிவிட்டாரே என்று அநியாயத்துக்கும் தலையாட்டுகிறோம். மேரி இந்த மூன்றையும் செய்யவில்லை. விலக்கப்பட்ட அந்த நாளைப் பற்றி எழுதியபோதுகூட, ஆயரும் குருக்களும் ஏற்றிருக்கும் திருப்பணியின்மீது தமக்குப் பொங்கிய அன்பையே அவர் குறிப்பிட்டார். தம் கோரிக்கையை மட்டும் கைவிடவில்லை. 1872 பிப்ரவரியில், மரணப் படுக்கையிலிருந்த ஆயரே தண்டனையை நீக்கினார். மறு ஆண்டு மேரி ரோமுக்குக் கப்பலேறி, திருத்தந்தை 9-ஆம் பத்திநாதரைச் சந்தித்தார்.

ரோம் ஒரே தலைமையை ஏற்றது. ஆனால் சபைக்குச் சொத்தே கூடாது என்ற உட்ஸின் கண்டிப்பான விதியைத் தளர்த்தியது. மேரி அந்தத் தீர்ப்புக்குப் பணிந்தார். உட்ஸுக்கு அது தாங்கவில்லை. மேரிமீது கொண்ட மனக்குறையால் அவர் நெடுங்காலம் விலகியே இருந்தார். ஆயர் தந்த தண்டனையைவிட, வழிகாட்டியாக இருந்தவரின் இந்த விலகல்தான் மேரிக்குப் பெரிய சிலுவை என்பேன்.

2010-இல் புனிதர் பட்டம் பெற்று, ஆஸ்திரேலியாவின் முதல் புனிதரானார் மேரி. உட்ஸ் 1889-இல் இறந்தார். பின்னாளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுத உட்கார்ந்தவரும் மேரிதான்.