வாடகைப் பட்டியலில் இல்லாத விலை

இனயத்திலும் கருங்கல் சுற்றுவட்டாரத்திலும் படிப்பு முடித்த பிள்ளைகள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் ஒரு அறைக்கு வாடகை எவ்வளவு? சென்னையில் மெஸ் சாப்பாட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகும்? பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்களாமே? இப்படி ஊருக்கு ஊர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழித்துறையில் ரயில் ஏறுகிறார்கள்.

அந்தக் கணக்கைப் போட நாங்களும் உதவியிருக்கிறோம். ஆனால் தலித் பிள்ளைகளுக்கு அது சரியாக வந்ததே இல்லை. வீடு காலியாக இருக்கும். வாடகைப் பணமும் கையில் இருக்கும். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு, அந்த வீட்டுக்குத் திடீரென்று வேறு யாரோ வந்துவிட்டிருப்பார்கள். இது ஒருவருடைய துரதிர்ஷ்டம் அல்ல. இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

முதலில் நம் மண்ணிலிருந்து தொடங்குவோம். 1949 வரை இனயம் திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே 1855 வரை அடிமைமுறை சட்டப்படியே நீடித்தது. புலையரும் பறையரும் குடியிருந்த குடிசையும் அது நின்ற மண்ணும் நிலவுடைமையாளருக்குச் சொந்தம். 1800-01இல் பக்கத்திலிருந்த மலபாரில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், அங்கே அடிமைகளைக் கைமாற்றும் மூன்று முறைகளைப் பதிவு செய்தார்: ஜன்மம் என்றால் விற்பனை, காணம் என்றால் அடமானம், பாட்டம் என்றால் வாடகை. அதாவது, வாடகைக்கு வீடு எடுப்பவர்களாக அல்ல, வாடகைக்கு விடப்படும் பொருளாகவே தலித்துகள் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நகரத்துக்குப் போய் "வாடகை எவ்வளவு?" என்று கேட்பதே பெரிய மாற்றம்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்ததா?

1917 செப்டம்பரில் அண்ணல் அம்பேத்கர் பரோடாவில் போய் இறங்கினார். பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர். அந்தத் தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு. அதை வைத்துக்கொண்டு நியூயார்க்கில் மாணவர் விடுதியில் அவரால் தங்க முடிந்தது. பரோடாவிலோ அரசு வேலையே காத்திருந்தது, தங்கத்தான் இடம் இல்லை. கடைசியில் பார்சிகளுக்கான ஒரு விடுதியில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதி, நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. உதவி கேட்டுப் போன இரண்டு நண்பர்களும் வீட்டில் இடம் தரத் தயங்கினார்கள். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர். மிச்சப் பொழுதைப் பூங்காவில் உட்கார்ந்து கழித்துவிட்டு, இரவு ரயிலில் மும்பைக்குத் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற நினைவுக்குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

எந்த ஊர் மலிவு என்று பார்த்து அவர் மும்பைக்குத் திரும்பவில்லை. எங்கே கதவு திறந்திருந்ததோ அங்கே போனார். பரேலில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், இரண்டு அறைகளில் குடும்பத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1896இல் மும்பையைப் பிளேக் தாக்கியதைத் தொடர்ந்து 1898இல் உருவான டிரஸ்ட் அது. தனியார் வீட்டுக்காரர்கள் மூடிய கதவுக்கு மாற்றாக, பொது அமைப்பு ஒன்று கட்டிய வீடு அவருக்குப் பயன்பட்டது. இதை நாம் மறக்கக்கூடாது.

வாடகையைத் தனியாகப் பார்த்தால் போதாது, வருமானத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதே மும்பையில் பஞ்சாலைகளின் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அங்கே தலித்துகளுக்கு இடம் இல்லை. நாடாவுக்குள் நூலைக் கோக்கும்போது அதை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், தலித்தின் வாய் பட்டால் தீட்டு என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். 1928 பொது வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இந்த அநீதியைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முன் வைத்தார். ஆக, சாதி ஒரு கையால் வாடகை வீட்டை மறித்தது, மறு கையால் கூலியைக் குறைத்தது.

சென்னையின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. நகரத்தின் உள்ளே, ஆற்றோரங்களிலும் கால்வாயோரங்களிலும் வாழ்ந்த உழைக்கும் மக்கள், அவர்களில் பெரும்பகுதி தலித்துகள், 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும் பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் வீட்டுச் செலவு குறைந்தது. ஆனால் வேலை பழைய இடத்திலேயே இருந்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண் பேருந்துக்குக் கொடுக்கும் காசும், பேருந்தில் போகும் நேரமும், தூரம் காரணமாக இழந்த வேலையும் எந்த வாடகைக் கணக்கிலும் வரவில்லை.

அரசின் அளவுகோல்களையும் பாருங்கள். மத்திய அரசு ஊழியருக்கான வீட்டு வாடகைப்படி, நகரத்தின் அளவைப் பொறுத்து அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 விழுக்காடு என்று மூன்று தரமாக இருக்கிறது. தொழிலாளர் பணியகம் 88 மையங்களில் விலைகளைச் சேகரித்து, ஆலைத் தொழிலாளர்களுக்கான விலைவாசிக் குறியீட்டெண்ணைக் கணக்கிடுகிறது. 2016ஐ அடிப்படையாகக் கொண்ட அந்தக் குறியீட்டில் வீட்டுக்கு 16.87 விழுக்காடு எடை. கொடுத்த வாடகை அதில் இருக்கிறது. மறுக்கப்பட்ட வீட்டுக்கு எடை கிடையாது.

அந்த மறுப்பை அளந்து காட்டியவர்களும் உண்டு. சுகதேவ் தோரட் தலைமையிலான ஆய்வாளர்கள் 2012இல் டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடிச் சோதித்தார்கள். உயர்சாதி, தலித், முஸ்லிம் என ஒவ்வொரு அடையாளத்திலும் 493 முயற்சிகள். தலித்துகளில் சுமார் 18 விழுக்காட்டினருக்கும் முஸ்லிம்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கும் நேரடியாகவே வீடு மறுக்கப்பட்டது. மறுக்காதவர்களிலும் சிலர் கூடுதல் வாடகை கேட்டார்கள் அல்லது நிபந்தனை போட்டார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு விலை என்பது நம் கற்பனை அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவில், எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைத் தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் வீட்டுக்காரர் யாரும் "சாதிக்காகத் தரவில்லை" என்று எழுதித் தருவதில்லை. "சைவம் மட்டும்" என்று பலகை வைத்தால் வேலை முடிந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், தன் சமூகத்தாருக்கு மட்டும் என்று விதி வைத்துக்கொள்ளக் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நம் மாவட்டத்துத் தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதியினர் அல்லர். வீட்டுக்காரர் கேட்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும் சாதி, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாடும்போது காணாமல் போய்விடுகிறது.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வாடகையிலும் விற்பனையிலும் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. வீட்டுச் சந்தை முழுவதையும் தழுவிய அப்படியொரு சட்டம் இங்கே இல்லை. அதைக் கேட்க வேண்டியது நம் தலைமுறையின் வேலை.

2016 ஜூலையில் இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் கொடுத்தபோது, கடற்கரை மக்கள் வீட்டையும் கடலையும் காக்க ஒன்றாகத் திரண்டார்கள். துறைமுகம் இனயத்தில் வரவில்லை. ஊரில் வீட்டுக்காகச் சேர்ந்து நிற்கத் தெரிந்த நாம், நகரத்தில் வீட்டுக்காரரின் வாசலில் ஒவ்வொருவராகத் தனியே நிற்கிறோம். மறுக்கப்பட்டதும் அதை நம் சொந்த அவமானமாக விழுங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்கிறோம்.

தோழர்களே, அடுத்த முறை ஊர்களை ஒப்பிட்டுப் பட்டியல் போடும்போது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பக்கத்தில் இன்னும் சில கட்டங்கள் வரையுங்கள். எத்தனை வீடு பார்த்தீர்கள், எத்தனை இடத்தில் சாதி கேட்டார்கள், எந்தத் தேதியில் என்ன சொல்லி மறுத்தார்கள், கடைசியில் எவ்வளவு தள்ளி வீடு கிடைத்தது என்று எழுதுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். ஒருவருடைய பட்டியல் புலம்பலாகத் தெரியலாம். ஆயிரம் பேருடைய பட்டியல் நாளை சட்டம் கேட்கும்போது சாட்சியாகும்.