மெய்க்கீர்த்தியும் ரெஸ்யூமேயும்

சோழ மன்னன் முதலாம் இராசராசனின் வெற்றிகளைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தியையும் இன்று வேலை தேடுபவரின் ரெஸ்யூமேயையும் அருகருகே வைத்துப் படித்தால் எதிர்பாராத உறவு ஒன்று புலப்படும். இரண்டிலும் ‘நான்’ இல்லை. இரண்டிலும் பாரத்தைச் சுமப்பவை வினைச்சொற்களே. மெய்க்கீர்த்தி வெற்றிகளை எல்லாம் சொல்லித் தீர்த்த பிறகே அரசன் பெயருக்கு வருகிறது. ரெஸ்யூமே பெயரைத் தலைப்பில் எழுதிவிட்டுச் செயல்களை அதன் கீழ் அடுக்குகிறது.

தொடக்கத்தில் இரண்டும் சற்றே சடங்கானவை. அங்கே திருமகளும் நிலமகளும் அரசனுக்கு உரியவராகிறார்கள். இங்கே ‘கடின உழைப்பாளி’, ‘குழுவோடு இணைந்து பணியாற்றுபவர்’ வருகின்றன. ஆனால் மெய்க்கீர்த்தியின் முதற்சொற்களைக் கொண்டே பெரும்பாலும் அது எந்தச் சோழனுடையது என்று சொல்லிவிடலாம். ரெஸ்யூமேயின் முதல் வரிகளைக் கொண்டு எவரையும் அடையாளம் காண முடியாது. சடங்கிலும் தனித்தன்மை இருக்க முடியும் என்பதை இவ்விடத்தில் கல்வெட்டுப் புலவரிடம்தான் கற்க வேண்டும்.

வரிசையில் இரண்டும் எதிரெதிர். இராசராசனுக்குக் காந்தளூர்ச்சாலை வெற்றி முதலில். பின்னர் வேங்கைநாடு, கங்கபாடி, நுளம்பபாடி, ஈழம் எனப் பட்டியல் ஆட்சியாண்டுகளோடு நீள்கிறது. ஆண்டு சிதைந்த கல்வெட்டையும், அது எந்த வெற்றி வரை பேசுகிறது என்று பார்த்து ஏறத்தாழக் காலம் கணிக்கலாம். ரெஸ்யூமேயில் புதியது மேலே ஏறும், பழையது சுருங்கி மறையும்.

எண்கள் மீதான மோகம் இரண்டுக்கும் பொது. இரட்டபாடிக்கு ஏழரை இலக்கம், பழந்தீவுகளுக்குப் பன்னீராயிரம். முன்னது நாட்டின் பெயரோடு மரபாக ஒட்டிவரும் எண். பழந்தீவுகள் மாலத்தீவு என்று பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. அங்கே இன்று ஏறத்தாழ 1,200 தீவுகளே உள்ளன. ‘விற்பனை 40 விழுக்காடு உயர்ந்தது’ என்னும் ரெஸ்யூமே வரியும் இவ்வகையே. எதிலிருந்து எதற்கு உயர்ந்தது என்று சொல்லாதவரை அதுவும் பன்னீராயிரந்தான். ‘மூன்று மாதம் தேங்கிய நிலுவைக் கணக்கை ஒரே மாதத்தில் முடித்தேன்’ என்பது சிறிய எண். ஆயினும் அதில் ஒரு மனிதரின் வேலை தெரிகிறது.

காந்தளூர்ச் செய்தி இன்னொன்றையும் காட்டுகிறது. அங்கே அரசன் ‘கலமறுத்ததாக’ மெய்க்கீர்த்தி சொல்கிறது; அந்தக் ‘கலம்’ மரக்கலமா, உண்கலமா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். அன்றைய அரண்மனைக்கு அதில் ஐயமே இருந்திருக்காது. தம் நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் திட்டப் பெயர்களையும் சுருக்கங்களையும் ரெஸ்யூமேயில் எழுதுபவருக்கும் நேர்வது இதுவே. ஆனால் அவருடைய வரிக்கு உரை எழுத எவரும் காத்திருப்பதில்லை.

மிக ஆழமான வேறுபாடு சரிபார்ப்பில் இருக்கிறது. முசங்கிப் போரை முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி சோழர் வெற்றியாகப் பாடுகிறது; எதிர்த்து நின்ற சாளுக்கிய சயசிங்கனின் சாசனங்களோ அவன் சோழரை வென்றதாகச் சொல்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை பல நூற்றாண்டு கழித்து வரலாற்றாசிரியர்களிடம் வந்து சேர்ந்தது. ரெஸ்யூமேக்கு அந்தச் சோதனை நேர்காணல் மேசையிலேயே நடந்துவிடுகிறது. குழுவில் ஒருவராக இருந்தவர் ‘தலைமை ஏற்றேன்’ என்று எழுதினால், உங்களுக்குக் கீழ் எத்தனை பேர், எந்த முடிவு உங்களுடையது என்ற கேள்விகளில் அச்சொல் நிற்காது. ‘உதவினேன்’ என்று எழுதி, எதில் எப்படி உதவினார் என்பதைத் துலக்கமாகச் சொன்னவர் அதே கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்வார்.