டேட்டாபேஸ் பெயருக்கு ஒரு இனிஷியல்

வாடகை சர்வரில் இணையதளம் நடத்துபவர்கள் முதல் நாளிலேயே ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சிபேனல் என்னும் கண்ட்ரோல் பேனலில் 'ஷாப்' என்று பெயர் கொடுத்தால், டேட்டாபேஸ் 'ரவி_ஷாப்' என்று உருவாகும். 'ரவி' என்பது அந்த ஹோஸ்டிங் கணக்கின் பயனர் பெயர். கேட்காமலே ஒட்டிக்கொள்ளும் இந்த முன்னொட்டு பலருக்கும் தொல்லையாகத் தெரியும். ஆனால் அதற்கு ஒரு வரலாறு உண்டு.

மைஎஸ்க்யூஎல் 1995-ம் ஆண்டு சுவீடனில் பிறந்தது. அடுத்த ஆண்டு, 1996-ல், அமெரிக்காவில் நிக் கோஸ்டன் சிபேனலை உருவாக்கினார். ஒரே சர்வரை நூற்றுக்கணக்கானோருக்குப் பிரித்து வாடகைக்கு விடும் தொழில் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. சர்வர் ஒன்று, மைஎஸ்க்யூஎல்லும் ஒன்று. அதில் ஒரே பெயரில் இரண்டு டேட்டாபேஸ் இருக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாபேஸுக்கு 'உரிமையாளர்' என்ற குறிப்பே கிடையாது. ஒரு வகுப்பில் ஐந்து முருகன்கள் இருந்தால் இனிஷியலை வைத்துத்தானே பிரிக்கிறோம்? அதே வழியை சிபேனலும் பிடித்தது. பெயரின் முன்பகுதியைப் பார்த்தால் அது யாருடைய டேட்டாபேஸ் என்று தெரிந்துவிடும்.

இந்த இனிஷியலுக்கும் ஒரு விலை இருந்தது. டேட்டாபேஸ் பெயர் 64 எழுத்து வரை இருக்கலாம். ஆனால் மைஎஸ்க்யூஎல் பயனர் பெயருக்கு 16 எழுத்துதான் எல்லை. பழைய யூனிக்ஸ் வழக்கப்படி கணக்கின் பெயருக்கு 8 எழுத்து, அண்டர்ஸ்கோருக்கு 1 போனால் மீதி 7. அந்தக் காலத்துப் பயனர் பெயர்கள் அரைகுறையாகச் சுருங்கிக் கிடந்ததற்கு இதுவே காரணம். 2015-ல் வந்த மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பில்தான் இந்த எல்லை 32 ஆக உயர்ந்தது.

வேலியாக நட்ட அண்டர்ஸ்கோரிலும் ஒரு ஓட்டை இருந்தது. மைஎஸ்க்யூஎல்லில் ஒரு டேட்டாபேஸுக்கு அனுமதி வழங்கும் கிராண்ட் கட்டளையில், அண்டர்ஸ்கோர் என்றால் 'ஏதாவது ஓர் எழுத்து' என்று பொருள். 'ரவி_ஷாப்' என்று அப்படியே எழுதினால் 'ரவி1ஷாப்' என்ற அடுத்தவர் டேட்டாபேஸுக்கும் அனுமதி போய்விடும்! அண்டர்ஸ்கோருக்கு முன் ஒரு பின்சாய்வுக் கோடு போட்டால்தான் அது வெறும் எழுத்தாகும்.

பிற்பாடு சிபேனல் முன்னொட்டைக் கட்டாயமில்லாமல் ஆக்கவும் வழி செய்தது. அந்த அமைப்பு டபிள்யூஎச்எம்மின் ட்வீக் செட்டிங்ஸ் பகுதியில், சர்வர் நிர்வாகியின் கையில் இருக்கிறது. முன்னொட்டு போய்விட்டால் பெயரை வைத்து உரிமையாளரைச் சொல்ல முடியாது. எனவே எந்த டேட்டாபேஸ் எந்தக் கணக்குக்குரியது என்பதை சிபேனல் தனியாகப் பதிந்து வைக்கிறது. முன்பு பெயரே சாட்சி. இப்போது பேரேடு சாட்சி. ஆனால் கணக்கை வேறு சர்வருக்கு மாற்றும்போது அங்கே ஏற்கனவே ஒரு 'ஷாப்' இருந்தால் மோதல் வரும்.

இந்த அமைப்பை மாற்றினாலும் பழைய பெயர்கள் தானாக மாறாது. புதிதாக உருவாக்குபவற்றுக்கே அது பொருந்தும். பழையதன் பெயரை மாற்றுவதும் எளிதல்ல. மைஎஸ்க்யூஎல் 2006-ல் 5.1.7 பதிப்பில் அதற்கென்று ஒரு கட்டளையைக் கொண்டுவந்தது. அது ஆபத்தானது என்று தெரிந்ததும் 5.1.23 பதிப்பில் நீக்கிவிட்டது. அதனால் சிபேனல் புதிய பெயரில் ஒரு டேட்டாபேஸை உருவாக்கி, அட்டவணைகளை அதற்கு நகர்த்தி, பழையதை நீக்குகிறது. அதன்பின் தளத்தின் கான்ஃபிக் கோப்பில் புதிய பெயரை நாமே எழுத வேண்டும். மறந்தால் தளம் திறக்காது. சிறிய கடை ஒன்றின் தளமாக இருந்தால் அன்றைய ஆர்டர்கள் அத்தனையும் போச்சு.

ஆகவே, சர்வர் முழுவதும் ஒருவருக்கே சொந்தம் என்றால் முன்னொட்டு தேவையில்லை. பலர் பங்கிடும் சர்வரில் அதை விட்டுவைப்பதே நல்லது. நிறுத்தத்தான் வேண்டும் என்றால் முதலில் ஒரு பேக்கப் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.