ரிவிட்டைப் பிரித்தவர்கள்

மெட்ராஸ் பாஷையில் 'ரிவிட்டு' என்றொரு சொல் உண்டு. ஒருத்தன் காரியத்தை இன்னொருத்தன் கெடுத்து, தப்பிக்க வழியில்லாமல் மாட்டிவிட்டால், "ரிவிட்டு அடிச்சிட்டான்டா" என்பார்கள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இந்தச் சொல் சிரிப்புக்காகப் பிறந்ததல்ல. இரும்பையும் நெருப்பையும் தொட்டு வேலை செய்தவனுடைய வாயிலிருந்துதான் இது தெருவுக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தமிழ் அகராதியில் இதற்குத் 'தறையாணி' என்று நல்ல சொல் இருக்கிறது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ போய்த் தறையாணி கொடு என்று கேட்டால் யாருக்கும் புரியாது. ரிவிட்டு என்றால் சின்னப் பையன்கூட எடுத்துக் கொடுப்பான்.

போல்ட்டுக்கு மரை உண்டு. மாட்டின கையே திருப்பிக் கழற்றலாம். ரிவிட்டுக்கு அது கிடையாது. ஒரு பக்கம் தலை இருக்கும். மறுபக்கம் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலை அடித்து நசுக்கி இன்னொரு தலையாக்கிவிட்டால் இரண்டு தகடும் பிரியாது. பிரிக்க வேண்டுமென்றால் ரிவிட்டை அழித்தாக வேண்டும். ஆகவே இதில் இரண்டு வேலை இருக்கிறது. அடிப்பது ஒன்று, பிரிப்பது ஒன்று. அடித்தவர்களைப் பற்றிக் கொஞ்சமாவது எழுதியிருக்கிறார்கள். ஹவுரா பாலத்தைப் பற்றிச் சொல்லும்போது நட்டு, போல்ட்டு இல்லாமல் ரிவிட்டாலேயே இணைத்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். பிரித்தவர்களுக்கு எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. மெட்ராசின் மேற்குப் பக்கத்தில், எங்கள் ஊர்களில், அந்தப் பிரிக்கிற வேலையை யார் செய்தார்கள், அவர்கள் உடம்பு என்ன ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி 1891இல் ட்ரெமென்ஹீர் என்ற கலெக்டர் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். சேரியில் குடிசை போட்டிருக்கிற மண்கூடச் சேரிக்காரனுக்குச் சொந்தமில்லை, மிராசுதாரன் நினைத்தால் வெளியே தள்ளலாம் என்பதை அதில் எடுத்துக் காட்டினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அந்த நிலம் பிறகு யார் கைக்குப் போனது என்பது நமக்குத் தெரிந்த கதை. இதற்கு முன்பே, 1856இல், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் அந்தத் தண்டவாளம் போனது. அதையொட்டிப் பெரம்பூரில் ரயில்வே பட்டறைகள் வந்தன. ஊர்க்காரன் வயலில் கால்வயிற்றுக் கூழுக்கு உழைத்தவனுக்குப் பட்டறை என்பது வேறொரு உலகம். அங்கே மாசத்துக்கு ஒரு நாள் காசு கையில் விழும். 'டேய்' என்று கூப்பிடுகிறவன் அங்கேயும் இருந்தான். ஆனால் அவன் நம் குடிசையைப் பிடுங்க முடியாது.

எங்கள் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் அப்படி ஒரு பட்டறைக்குப் போனவர். பாய்லர் பகுதியில் வேலை. நீராவி இன்ஜினின் பாய்லர் முழுக்க ரிவிட்டால் ஆனது. ரிவிட்டு அடிப்பது ஒரு ஆள் வேலை இல்லை, ஒரு செட்டு வேலை. ஒருத்தன் அடுப்பில் ரிவிட்டைச் சிவக்கக் காய்ச்சுவான். ஒருத்தன் அதை இடுக்கியால் எடுத்து ஓட்டைக்குள் செருகுவான். பாய்லருக்கு உள்ளே ஒருத்தன் கனத்த இரும்புக் கட்டையைத் தலைப்பக்கம் அண்டக்கொடுத்துப் பிடித்திருப்பான். வெளியே இருந்து வாலை அடித்து மூடுவான் இன்னொருத்தன். ரிவிட்டு ஆறும்போது நீளத்தில் சுருங்கும். அப்படிச் சுருங்கும்போது இரண்டு தகட்டையும் இழுத்து இறுக்கிவிடும். அடியைவிட இந்தச் சுருக்கம்தான் நீராவியை உள்ளே கட்டிப்போடுகிறது. எங்காவது ஒழுகினால் அந்த ரிவிட்டின் தலையை உளியால் வெட்டி எறிந்து, தண்டைத் தட்டித் தள்ளிவிட்டு, புதுசு அடிக்க வேண்டும்.

தாத்தா உள்ளே பிடிக்கிற ஆள். அடிக்கிற ஆளுக்குக் கூலி அதிகம், மரியாதையும் அதிகம். கடைசிவரை அவர் சுத்தியல் பக்கம் வரவில்லை, வர விடவில்லை. இது எங்கள் தாத்தாவுக்கு மட்டும் நடந்ததல்ல. பம்பாய் நூற்பாலைகளில் கூலி அதிகமான நெசவுப் பகுதிக்குள் தலித்துகளை விடாமல் வைத்திருந்தார்கள். நாடாவில் நூல் மாற்றும்போது அதை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் தீட்டுப் பட்டுவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் நேருக்கு நேர் கேட்டார். மிஷின் வந்தால் சாதி போய்விடும் என்று நம்பியவர்கள் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பாய்லரின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒவ்வொரு அடியும் நேராகக் காதில் விழும். 1886இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் 100 பாய்லர் தொழிலாளிகளின் காதைச் சோதித்தார். ஒருவருக்கும் முழுசான காது இல்லை. அந்த ஊரில் அதை எழுதிவைக்க ஒரு மருத்துவர் இருந்தார். எங்கள் ஊரில் எழுத ஆளில்லை. ஆயா மட்டும் தாத்தாவோடு கையால் பேசக் கற்றுக்கொண்டது. "அது இன்னா, பட்டறைல காதக் குட்த்துட்டு சம்பளத்த வாங்கியாந்துச்சி" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். அதே வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி பெரம்பூரில் ஐ.சி.எஃப். திறக்கப்பட்டது. அங்கே கட்டிய பெட்டிகள் வெல்டிங்கால் ஆனவை. காய்ச்சிய ரிவிட்டின் காலம் மெல்ல முடியத் தொடங்கியது. 1961இல் ஆவடியில் டாங்க் தொழிற்சாலைக்கு வேலை ஆரம்பித்தார்கள். 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் அதற்கு முன்பே இருந்தது. 1960களில் எஸ்டேட்டும் வந்தது. பாடியிலிருந்து ஆவடிவரை கம்பெனிகளாக நின்றன. உள்ளே நிரந்தர வேலை கிடைத்தவர்களும் நம்மில் உண்டு. கிடைக்காதவர்களே அதிகம். அவர்களுக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு எஸ்டேட் உருவானது. அதுதான் ரோட்டோரப் பட்டறை.

பூந்தமல்லி ரோட்டில் ஓடுகிற ஒவ்வொரு லாரிக்கும் பிரேக் வேண்டும். பிரேக் ஷூ என்பது பிறை மாதிரி வளைந்த இரும்பு. அதன்மேல் லைனிங் என்கிற தகட்டை ரிவிட்டால் பொருத்தியிருப்பார்கள். மிதித்தால் லைனிங் டிரம்மோடு உராய்ந்து வண்டி நிற்கும். ஒவ்வொரு மிதிக்கும் லைனிங் கொஞ்சம் தேயும். தேய்ந்து தேய்ந்து ரிவிட்டுத் தலை மேலே வந்துவிட்டால் அது டிரம்மைக் கீறும். அதற்கு முன்னால் பழைய லைனிங்கைப் பிரித்துப் புதுசு அடிக்க வேண்டும். 'பிரேக் லைனிங், கிளட்ச் ரிவிட் அடித்துத் தரப்படும்' என்று தகரப் பலகை தொங்குகிற கடைகள் இதற்காக வந்தவைதான். எங்கள் நைனா அப்படி ஒரு கடையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார்.

இந்த ரிவிட்டைக் காய்ச்ச வேண்டியதில்லை. செம்பு, பித்தளை, அலுமினியம் என்று மெதுவான உலோகம். புதுசு அடிப்பதில் ஒரு முறை உண்டு. லைனிங்கை ஷூவோடு இறுகப் பிடித்து நடு ஓட்டையில் முதலில் அடிக்க வேண்டும். பிறகு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் லைனிங் தூக்கிக்கொள்ளும். அப்படி இடைவெளி விழுந்த லைனிங் வெடித்துவிடும். அதை நம்பி மலை இறங்குகிற டிரைவரின் உயிர் அந்த இடைவெளியில் இருக்கிறது. இந்த வேலையைக் கடைக்காரரோ மூத்த மெக்கானிக்கோ செய்வார். காசு வாங்குகிற வேலை இதுதான்.

பிரிக்கிற வேலை கடைசியாக வந்த பையனுக்கு. நைனா பதினாலு வயசில் அதில்தான் ஆரம்பித்தார். ஷூவை வைஸில் பிடித்து, உள்பக்கம் மடங்கியிருக்கிற ரிவிட்டின் வாலை உளியால் சீவ வேண்டும். பிறகு பஞ்சால் தட்டி வெளியே தள்ள வேண்டும். மசியாததை டிரில் போட்டு எடுக்க வேண்டும். "ஓட்டயப் பெர்சு பண்ணிட்டா ஷூ வேஸ்ட்டு. ரிவிட்டு சாவணும், ஷூ சாவக் கூடாது" என்பார் நைனா. அதில் ஒரு கைத்திறன் இருந்தது. அதற்குத் தனிக் கூலி யாரும் தந்ததில்லை. பிரித்த பிறகு ஷூவில் ஒட்டியிருக்கிற பழைய தூளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். காற்றடித்து ஊதுவார்கள். கம்ப்ரெசர் இல்லாத நாளில் வாயால் ஊதுவார்கள். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி பறக்கும். தலைமுடியில், புருவத்தில், சோற்று டப்பாவில் படியும். வீட்டுக்கு வந்தால் ஆயா வாசலிலேயே நிறுத்திச் சட்டையை உதறச் சொல்லும். உதறின சட்டையைத் துவைத்தது எங்கள் அம்மா.

அந்த மாவில் இருந்தது கல்நார். வெளிநாட்டுப் பேர் ஆஸ்பெஸ்டாஸ். சூட்டைத் தாங்கும் என்பதால் பிரேக் லைனிங்கில் பல பத்தாண்டுகள் அதைத்தான் கலந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நாராகப் பிரிந்து அது நுரையீரலுக்குள் போய்த் தங்கும். வெளியே வராது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக, மூச்சிரைப்பாக எழும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஐரோப்பிய நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியாவில் சுரங்கத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. வெள்ளைக் கல்நாரின் இறக்குமதி நிற்கவில்லை.

1995 ஜனவரி 27ஆம் தேதி உச்சநீதிமன்றம் கல்நார்த் தொழிலாளிகள் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி கே. ராமசாமி. தொழிலாளியின் உடல்நலம் அவனுடைய வாழும் உரிமையின் பகுதி என்றது அந்தத் தீர்ப்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 வருஷம், அல்லது வேலையை விட்டு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் குறிப்பையும் பாதுகாக்க வேண்டும் என்றது. நோய் உறுதியானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. கல்நார்ப் பொருள் செய்கிற சிறுதொழில்களையும் சேர்ப்பது பற்றி அரசுகள் யோசிக்கச் சொன்னது.

நல்ல தீர்ப்பு. அதைக் கொண்டாட வேண்டும். ஆனால் அதில் வருகிறவர்கள் கல்நாரை வெட்டியெடுக்கிறவர்கள், அதில் பொருள் செய்கிறவர்கள். செய்த பொருளைப் பிரித்து எடுக்கிறவன் எங்கே வருகிறான்? 1948 தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் ஓடுகிற இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது. 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதை 20, 40 என்று உயர்த்திவிட்டது. நைனா வேலை செய்த கடையில் மொத்தமே மூன்று பேர். சட்டத்தின் கண்ணில் அது பட்டறையே இல்லை. அவர் தொழிலாளியும் இல்லை.

நைனா அறுபது வயசைப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கி வாங்கி, உட்கார்ந்தபடியே தூங்கி, ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார். ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். பீடி குடிப்பாரா என்று கேட்டார்கள். என்ன வேலை செய்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சீட்டில் காசநோய் என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று பிறகு அவர்களே சொன்னார்கள்.

இன்று கல்நார் கலக்காத லைனிங் விற்கிறார்கள். அது வந்துவிட்டதால் இந்தக் கதை முடிந்துபோனது என்று சொல்ல முடியாது. 1990களில் ஊதின தூசி இன்னும் ஆட்களின் நெஞ்சில் இருக்கிறது. நோய் வெளியே வருகிற காலம் இதுதான். நிறுவனங்களுக்குப் பொன்விழா மலர் உண்டு. முதல் டாங்க் எந்த நாளில் வெளியே வந்தது என்பதற்குக் கணக்கு உண்டு. இவர்களுக்கு ஒரு பதிவேடு கிடையாது. நீதிமன்றம் கேட்ட 40 வருஷக் குறிப்பை நம் ஆட்களுக்கு யாரும் எழுதப்போவதில்லை.

ஆகவே நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். திருமுல்லைவாயில், பட்டாபிராம், பூந்தமல்லிப் பக்கம் வீடு வீடாகப் போகிறேன். எந்தக் கடையில் வேலை, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம்வரை, பிரிக்கிற வேலையா அடிக்கிற வேலையா, தூசியை எப்படித் துடைத்தார்கள், துணி துவைத்தது யார், இப்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறேன். பாடியிலும் மாதவரத்திலும் இருக்கிற தோழர்கள் தங்கள் தெருவில் இதையே செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நம் பெரியவர்கள், டாக்டர் கேட்காவிட்டாலும், "நான் பிரேக் லைனிங் ரிவிட்டு பிரிச்சவன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதுகிறவரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.