பாலிடாலும் புழுவின் சாட்சியமும்

நோய்க்குக் கொடுப்பது மருந்து. பருத்திக்கு அடிப்பதும் மருந்து. கொங்குப் பக்கம் ‘மருந்தக் குடிச்சுட்டா’ என்றால் எந்த மருந்து என்று யாரும் கேட்பதில்லை. ‘தீராத வயிற்றுவலி’ என்று காவல்நிலையக் காகிதம் மீதியை முடித்துவைக்கும்.

ஆர்.எஸ்.புரத்தைத் தாண்டி லாலி ரோடு போனால் வேளாண் பல்கலைக்கழகம். 1906இல் சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு வந்த விவசாயக் கல்லூரிதான் அது. தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய ஃப்ளெட்சரின் நூல் 1914இல் வந்தது. அந்த அறிவுக்குப் பூச்சி முதன்மையாகப் பயிரின் எதிரி. எதிரிக்கென வந்த பாரத்தியான் நம் வாயில் ‘பாலிடால்’ ஆயிற்று. 1958இல் கேரளத்தில் அது உணவுப்பொருளில் கலந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகே 1968இன் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

பூச்சியைச் சாட்சியாக வைத்த மரபும் உண்டு. 1247இல் சீனத்தின் சோங் ட்சு எழுதிய நூலில், ஈ மொய்த்த அரிவாள் கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கிறது. பிணத்தில் ஈ முட்டையிடுகிறது. புழுவின் வயதைக் கணக்கிட்டால் குறைந்தது எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லலாம். ஆனால் இந்தக் கடிகாரத்தை மருந்து கெடுக்கும். கொக்கெய்ன் உள்ள சதையைத் தின்ற புழு வேகமாக வளர்வதை 1989இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு ஹவாயிலிருந்து ஒரு வழக்கு பதிவாயிற்று. அழுகிய உடலில் இருந்த புழுக்களிலேயே மாலத்தியான் அகப்பட்டது. புழுவின் வயது சொன்னது ஐந்து நாள். மனிதரை உயிரோடு கடைசியாகப் பார்த்து எட்டு நாள். பூச்சிமருந்தே ஈயைத் தள்ளி நிறுத்தியிருக்கலாம். அந்தப் புழுக்களின் தாய் ஈ இனங்கள் நம்மூரிலும் பறப்பவைதான்.

இந்த மூன்று நாள் வெறும் கணக்கா? அன்றைக்கு வீட்டில் இருந்தது யார், வெளியூர் போயிருந்தது யார் என்பதே அதில்தான் இருக்கிறது. புருஷன் தப்புவதும் தோட்டத்துக் கூலியாள் மாட்டுவதும் அந்த இடைவெளியில் நடக்கலாம்.

நம்மிடம் இருப்பது 1849இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகரின் வழி: உள்ளுறுப்பு, பாட்டில், அரக்கு முத்திரை. உறுப்பே அழுகிப்போனால்? தோட்டத்திலோ முட்காட்டிலோ நாலஞ்சு நாள் கிடந்த உடலில் மிச்சமிருக்கும் சாட்சி புழுதான். அதை அசிங்கம் என்று கழுவிவிட்டால் சாட்சியையும் கழுவிவிடுகிறோம். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் செத்தால் சட்டம் தனி விசாரணை கேட்கிறது. குற்றவியல் நடைமுறையின் பழைய 174, 2024 ஜூலை முதல் 194 ஆகியிருக்கிறது. எண் மாறினால் போதுமா? பூச்சி தெரிந்தவர்கள் லாலி ரோட்டில். பிணவறை திருச்சி ரோட்டு அரசு மருத்துவமனையில். நடுவில் சில கிலோமீட்டர்தான்.

புழுவையும் தெய்வமாக்க வேண்டாம். எவ்வளவு குடித்தாள் என்று அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. என்ன மருந்து, ஏறக்குறைய எப்போது என்பது வரைதான் அதன் சாட்சியம். தானாகக் குடித்தாளா, வாயில் ஊற்றினார்களா என்பதை ஊர் சொல்லணும். ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.